ஆக்னஸ் மூர்ஹெட்டின் குரல்

அமெரிக்க நடிகை ஆக்னஸ் மூர்ஹெட்டை 'பிவிட்ச்ட்' தொலைக்காட்சித் தொடரின் மாமியாராக மட்டும் நினைவு வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

1943 மே 25 அன்று சிபிஎஸ் வானொலியின் 'சஸ்பென்ஸ்' வரிசையில் லூசில் ஃபிளெட்சர் எழுதிய 'சாரி, ராங் நம்பர்' நாடகம் ஒலிபரப்பானது. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெண், தொலைபேசி இணைப்பு மாறியதில் ஒரு கொலைத் திட்டத்தைக் கேட்டுவிடுகிறாள். நாடகத்தைத் தாங்குவது மூர்ஹெட்டின் குரல்தான். எரிச்சலில் தொடங்கி, கெஞ்சலாகி, அலறலில் போய் நிற்கும். இன்றைக்கு ஹெட்ஃபோனில் கேட்டாலும் கை சில்லிடுகிறது.

1948-இல் அது படமானபோது வேடம் பார்பரா ஸ்டான்விக்குக்குப் போனது, ஆஸ்கர் பரிந்துரையும் அவருக்கே. நல்ல நடிகைதான், ஆனாலும் அந்தப் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்தவர் மூர்ஹெட்.

1974-இல் அவர் இறந்தார். அமெரிக்காவின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அந்த ஒலிபரப்பு சேர்ந்தது 2014-ஆம் ஆண்டுத் தேர்வில்தான். அதைப் பார்க்க அவர் இல்லை. பதிவு இணையத்தில் கிடைக்கிறது, அவசியம் கேளுங்கள்.