ஏர்கான் மாத்துறவங்க பழைய பைப்பையே வச்சுக்காதீங்க
சிங்கப்பூர்ல எங்க ஈசூன் வீட்டு ஏர்கான் (ஏசி) ஒருவழியா மாத்தியாச்சு, பழசு ஆர்22ங்கிற குளிரூட்டுற கேஸ் காலத்துது. விலை கேட்டப்ப ஏர்கான் போடுற ஒருத்தர் "கேஸ் போற காப்பர் பைப் நல்லாதான் இருக்கு சார், யூனிட்ட மட்டும் மாத்திடலாம், ஃபால்ஸ் சீலிங்க ஒடைக்க வேணாம்"னாரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நான் ஒத்துக்கல.

இப்ப வர்றது பெரும்பாலும் ஆர்32. அதோட அழுத்தம் ஆர்22வ விட ஏறக்குறைய 1.6 மடங்கு, பழைய பைப்புக்குள்ள தங்கியிருக்குற மினரல் ஆயிலும் புது கம்ப்ரெஸருக்கு ஆகாது. அதனால 0.71 மில்லிமீட்டர் தடிமன் உள்ள புது காப்பர் பைப்தான் வேணும்னு சொல்லிட்டேன், 0.61ம் விக்கிறாங்க, கையில வாங்கிப் பாத்தா வித்தியாசமே தெரியாது.

சீலிங்க திறந்தப்பதான் பாத்தோம், பைப்ப சுத்தியிருந்த கறுப்பு ஸ்பாஞ்ச் (இன்சுலேஷன்) தொட்டா மாவா உதிருது, அம்மா ரூம் மூலைல தண்ணி சொட்டுனதுக்கு அதான் காரணம். நம்ம ஊரு ஈரக்காத்துக்கு 9 மில்லிமீட்டர் இன்சுலேஷன் பத்தாதுங்க, 13 போடச் சொல்லுங்க.

தண்ணி வெளிய போற ட்ரெயின் பைப்புக்குள்ள ஜெல்லி மாதிரி அழுக்கு, சரிவும் சரியில்ல, அதையும் புதுசாவே போட்டுட்டோம். வேலை முடிஞ்சதும் பைப்புக்குள்ள இருக்குற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேக்யூம் பம்ப் போடுறாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க, அவசரத்துல சிலர் அத விட்டுடுறாங்க. செலவு கூடத்தான் ஆச்சு, ஆனா அம்மா இப்ப நிம்மதியா தூங்குறாங்க, எனக்கு அது போதும். பைப் தடிமன், இன்சுலேஷன் ரெண்டையும் கொட்டேஷன்லயே எழுதி வாங்கிக்கிட்டு அப்புறமா டெபாசிட் குடுங்க.