ஒரு பக்கம் ஊட்டி, ஒரு பக்கம் கத்திரி

மே மாதம் இரண்டாம் வாரம், கத்திரி உச்சத்தில் இருந்தபோது, என் காரின் ஏசி தனிக்குடித்தனம் போய்விட்டது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அப்பா துண்டை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். வலப்பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த எனக்குச் செங்கல் சூளையின் வாயில் நிற்பதுபோல் அனல் அடித்தது. திரையோ இரண்டு பக்கத்துக்கும் 22 டிகிரி என்று கூசாமல் காட்டிக்கொண்டிருந்தது.

கார் 2000-ம் ஆண்டு மாடல், ஜெர்மனிக்காரர்கள் வடிவமைத்த பெரிய செடான். முதல் கை ஒரு மருத்துவர். நான் மூன்றாம் கை. கம்பெனி பெயர் வேண்டாம். இருபத்தைந்து வயதான சொகுசுக் காரை வைத்திருப்பவர்களுக்கு இது ஏறக்குறைய பொதுநோய்.

முதலில் போனது வீட்டுக்கு அருகிலிருந்த ஏசி கடைக்கு. "கேஸ் குறைந்திருக்கிறது" என்றார்கள். அளந்து பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இருந்த கேஸை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பி ரூ.3,800 வாங்கிக்கொண்டார்கள். கிண்டி தாண்டுவதற்குள் வலது பக்கம் மறுபடி சூளை. அன்று இரவு சமையலறையிலிருந்த கம்பி வெப்பமானியை எடுத்து ஏசி துவாரங்களில் செருகிப் பார்த்தேன். இடது 9 டிகிரி, வலது 51 டிகிரி. வெளியே அப்போது 34. கேஸ் குறைந்தால் காற்று குளிராமல் போகலாம்; வெளிக்காற்றைவிடச் சூடாக வராது. சூடு தருகிற ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கணக்கு ரூ.3,800 கொடுப்பதற்கு முன்பே எனக்குத் தோன்றியிருக்கலாம்.

மறுநாள் வளசரவாக்கத்தில் மரத்தடி மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. பானெட்டைத் திறந்து, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களையும் மாற்றி மாற்றித் தொட்டார். இடது ஹோஸின் மேல் கையை வைத்தபடியே இருந்தார். வலதைத் தொட்டவுடன் கையை உதறிக்கொண்டார். "வலதில் வெந்நீர் நிற்காமல் ஓடுகிறது சார். நம்ம ஊருக்கு ஹீட்டர் எதற்கு? ஹோஸைக் கழற்றி நேராக இணைத்துவிட்டால் ஐந்நூறு ரூபாயோடு முடிந்தது" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படிப்பட்ட காரில் ஒட்டுவேலையா என்று கிளம்பிவிட்டேன். அவர் சொன்ன தீர்வின் மேல் இருந்த எரிச்சலில், சரியாகக் கண்டுபிடித்த நோயையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தது பிறகுதான் புரிந்தது.

அடுத்து, கண்ணாடிக் கட்டடமும் காப்பி இயந்திரமும் கொண்ட பெரிய சர்வீஸ் சென்டர். கம்ப்யூட்டரை இணைத்துப் பார்த்துவிட்டு, கிளைமேட் கன்ட்ரோல் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்றார் ஆலோசகர். டேஷ்போர்டின் நடுவே பொத்தான்களும் திரையுமாக இருக்கிறதே, அந்தப் பெட்டி. விலை கூலியோடு ரூ.92,000. வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம். முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும். "ஹீட்டருக்குப் போகும் வெந்நீரை அடைக்கிற வால்வைப் பார்த்தீர்களா?" என்றேன். "சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது சார்" என்று திரையைக் காட்டினார். மதிப்பீட்டுத் தாளின் அடியில் பொடி எழுத்தில், மின்னணுப் பாகங்களைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றிருந்தது. பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்தார்கள், அதற்கு நன்றி.

92,000 என்னால் ஆகாது. ஆகவே, பழைய கார்ப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை.

புதுப்பேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: பழைய பாகத்தைக் கையில் எடுத்துப்போங்கள். நான் போட்டோவை எடுத்துப்போனேன். கடைக்கார பாய் அதைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. "பாகத்தின் எண் பின்பக்கம் இருக்கும் தம்பி. முன்பக்கம் எல்லாமே ஒரே முகம்தான்" என்றார். அந்த வெயிலில் ஒரு நாள் வீண். திரும்பி வந்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ரேடியோவை உருவி, யூனிட்டை வெளியே எடுத்தேன். அது அரைமணி நேர வேலைதான். மறுநாள் கொண்டுபோனபோது பாய் கோணிக்குள் கையைவிட்டு மூன்று யூனிட்டுகளை எடுத்துப்போட்டார். ஒன்றின் எண் அச்சாகப் பொருந்தியது. ரூ.11,000. பேரம் பேசி இறக்க முடிந்தது ஐந்நூறு. அதையும் "டீ செலவு" என்று அவருடைய பையன் வாங்கிக்கொண்டான்.

மாலையில் பொருத்தினேன். வலது பக்கம் குளிர்ந்தது. அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு சுற்றுப் போனேன். சரியாகப் பதினோரு நிமிடம். அப்புறம் டேஷ்போர்டிலிருந்து பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ கருகினால் வருமே, அந்த வாசனை. அதைத் தொடர்ந்து மறுபடி அனல்.

அன்றிரவு கோயம்புத்தூரில் இதே மாடல் வைத்திருக்கும் நண்பரை அழைத்தேன். "ரெஸ்ட் பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடி" என்றார். அந்தப் பொத்தான் எதற்கென்றால், எஞ்சினை நிறுத்திய பிறகும் அதில் மிச்சமிருக்கும் சூட்டைக் கொண்டு காருக்குள் கதகதப்பு தருவதற்கு. சென்னையில் ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். எழுத்துகூட அழியாமல் புத்தம்புதிதாக இருந்தது. அழுத்திப் பிடித்ததும் திரையின் ஒரு பக்கம் எண்ணும், மறுபக்கம் அளவும் வந்தன. ஒவ்வோர் எண்ணும் ஒரு சென்சார். ஐந்தாவது எவாப்பரேட்டர், அதாவது ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் பகுதி: 4 டிகிரி, ஆக ஏசி நலம். மூன்றும் நான்கும் ஹீட்டரின் இடதும் வலதும்: 13, 69. காசு வாங்காமல் கார் தானே சொல்லியிருக்கிறது, முதல் நாளே கேட்டிருந்தால்.

நெடுநேரம் தூக்கம் வராமல், சர்வீஸ் சென்டர் கொடுத்த கம்ப்யூட்டர் பரிசோதனைத் தாளை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் "வலது வால்வு மின்சுற்று" என்றுதான் இருந்தது. யூனிட் என்ற பேச்சே இல்லை. யூனிட் என்பது ஆலோசகரின் சொந்தச் சரக்கு.

கருகிய இரண்டு யூனிட்டுகளையும் எடுத்துக்கொண்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே மூன்றடி மேசை. டிவி போர்டுகளைப் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர். மூடியைக் கழற்றினார், முகர்ந்து பார்த்தார், கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டார். முதல் யூனிட்டில் ஒரு டிரான்சிஸ்டர் நடுவில் வெடித்து, மிளகு பொரிந்தாற்போல் இருந்தது. இரண்டாவது யூனிட்டையும் திறந்தார். அதே இடம், அதே மிளகு.

லென்ஸை எடுக்காமலே கேட்டார்: "இந்தக் கம்பியின் அந்த முனையில் என்ன தொங்குகிறது?"

"வால்வு."

"அதன் காயிலை, உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை, அளந்தீர்களா?"

அளக்கவில்லை. "இன்னொன்று வாங்கி வந்தால் அதையும் கருக்கும். போய் அளந்துவிட்டு வாருங்கள்" என்று இரண்டு யூனிட்டுகளையும் மேசைக்கு அடியில் வைத்துவிட்டார். ரூ.92,000 கொடுத்துப் புது யூனிட் போட்டிருந்தாலும் இதே பதினோரு நிமிடம்தானே என்று நினைத்தபோது, அந்த வெயிலிலும் முதுகு சில்லிட்டது.

விஷயம் இதுதான். எஞ்சினின் வெந்நீர் ஹீட்டருக்குள் போகும் வழியில் ஒரு வால்வு. அதற்குள் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்றாக இரண்டு காயில்கள். மின்சாரம் வந்தால் வால்வு மூடும், வராவிட்டால் திறந்தே கிடக்கும். பனிக்காலத்தில் மின்சுற்று பழுதானாலும் ஓட்டுகிறவர் விறைத்துவிடக் கூடாது என்ற அக்கறை. அந்த அக்கறைதான் மே மாதத்துச் சென்னையில் என்னை வேகவைத்தது. வால்வின் இணைப்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தேன். இடது காயில் 13.8 ஓம். வலது 2.1 ஓம். உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், மின்தடை குறைந்து, ஆறேழு மடங்கு மின்சாரத்தைக் குடித்து, டிரான்சிஸ்டரைப் பொசுக்கியிருக்கிறது. மல்டிமீட்டர் ரூ.350. இந்தக் கதையிலேயே மலிவான பொருள் அதுதான். கடைசியாக நினைவுக்கு வந்ததும் அதுதான்.

புது வால்வு டில்லியிலிருந்து ஒன்பது நாளில் வந்தது, ரூ.14,500. பழையது கிடைக்கும், ஆனால் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் எத்தனை கோடை பார்த்தது என்று யாருக்கும் தெரியாது. மாட்டும்போது ஹோஸ்களை முறுக்கி இழுக்காமல், கத்தியால் கீறி எடுத்துப் புதிது போடுவது மேல். நான் இழுத்தேன், ஹீட்டர் பக்கத்துக் குழாய் முனை லேசாக முனகியது, அந்த நொடியில் வேண்டாத தெய்வம் இல்லை. கூலன்ட், ஹோஸ், கூலி எல்லாம் ரூ.2,400. வேலையை யாரிடம் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். வளசரவாக்கம் மரத்தடிக்காரரிடம்தான். "அன்றைக்கே சொன்னேனே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடித்ததும் இரண்டு ஹோஸ்களையும் பழையபடி தொட்டுப் பார்த்து, பானெட்டை மூடினார்.

ரிச்சி தெருப் பெரியவர் என் பழைய யூனிட்டுக்கே புது டிரான்சிஸ்டர் வைத்து, விரிசல் விட்டிருந்த சாலிடரிங்குகளையும் புதுப்பித்து ரூ.1,500 வாங்கினார். இப்போது இடது 9, வலது 9. மூன்று வாரமாக ரெஸ்ட் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன். எழுத்து தேயத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது யூனிட்டைப் புதுப்பேட்டைக்கே கொண்டுபோனேன். "எலக்ட்ரானிக்ஸ் திரும்ப எடுப்பதில்லை தம்பி" என்றார் பாய். பிறகு மூடியைத் திறந்து பார்த்து, "ஒரு டிரான்சிஸ்டர்தானே போயிருக்கிறது? எழுநூறு தருகிறேன், வைத்துவிட்டுப் போங்கள்" என்றார்.

வாங்கிக்கொண்டேன். டீ செலவுக்கென்று ஐம்பது ரூபாயைப் பையன் எடுத்துக்கொண்டான்.