ஜூடோவில் முன்னேற வேண்டுமா? முதலில் கையைத் தளர்த்துங்கள்

ஜூடோவுக்கு வந்து சில மாதம் ஆனவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "எந்த த்ரோவைக் கற்றால் சீக்கிரம் ஜெயிக்கலாம்?" என்பதுதான். அவர்கள் ராண்டோரி (கூட்டாளியுடன் தடையின்றி மோதிப் பழகும் பயிற்சி) ஆடுவதைச் சிறிது நேரம் பார்த்தாலே குறை எங்கே என்று தெரிந்துவிடும். இரண்டு கைகளும் முழங்கை மடங்காமல் விறைத்திருக்கும். எதிரே இருப்பவரை நெருங்க விடாமல் தள்ளியே பிடித்திருப்பார்கள். அப்படி நிற்பவரைக் கீழே போடுவது கொஞ்சம் சிரமம்தான். ஆனால் அவராலும் யாரையும் போட முடியாது. இடுப்பில் ஏற்றிப் போடும் ஓ-கோஷியோ தோளில் ஏற்றிப் போடும் செயோய்-நாகேயோ, திரும்பி உள்ளே நுழைந்தால்தான் வேலை நடக்கும். நீட்டிய கையோடு எப்படி நுழைவது?

கை விறைப்பதற்குப் பெரும்பாலும் விழுவதைப் பற்றிய பயமே காரணம். ஆகவே அடிபடாமல் விழும் முறையான உகேமியைத் தொடக்கநிலைப் பாடம் என்று கடந்துவிடாதீர்கள். நான் இன்றும் ஒவ்வொரு வகுப்பையும் அதில்தான் தொடங்குகிறேன். பின்பக்கம் விழும்போது தாடையை நெஞ்சோடு சேர்த்து, பார்வையை பெல்ட் முடிச்சில் வையுங்கள். தலை பயிற்சிப் பாயில் படாது. கையை ஊன்றவே கூடாது. ஊன்றினால் மொத்த எடையும் மணிக்கட்டிலும் முழங்கையிலும் காறை எலும்பிலும் இறங்கிவிடும். உடலிலிருந்து சற்றே விலக்கிய முழுக்கையால், உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க பாயை அடித்து, மூச்சை வெளியே விடுங்கள். படுத்தபடி, குந்தியபடி, நின்றபடி, நடந்தபடி என்று படிப்படியாக உயரத்தைக் கூட்டுங்கள். பிறகு ஒரு கூட்டாளியிடம், எதிர்க்காமல் நின்று, திரும்பத் திரும்ப விழுங்கள். அவர் எப்போது உங்கள் சமநிலையைப் பறித்தார் என்பதை உடம்பு அப்போதுதான் உணர ஆரம்பிக்கும். விழுவது அலுப்பாக இருக்கிறது என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவ்வளவு பாடம் அதில் இருக்கிறது.

அந்தப் பறிப்புக்குப் பெயர் குசுஷி. ஜூடோவை உருவாக்கி, 1882-ல் அதன் தலைமைப் பள்ளியான கோடோகனைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, கிடோ-ரியூ என்ற பழைய ஜுஜுட்சு மரபின் ஆசிரியர் ஈகுபோவோடு ராண்டோரி ஆடும்போதுதான் இதன் அருமையைக் கண்டுகொண்டார். முன்பு தன்னைத் தொடர்ந்து வீழ்த்தி வந்த அந்த ஆசிரியரை, சமநிலையைக் குலைத்த பிறகு தாக்கும் வழியால் கானோவே வீழ்த்தத் தொடங்கினார். குசுஷி, ட்சுகுரி, காகே என்று த்ரோவை மூன்றாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்: குலைப்பது, உள்ளே பொருந்துவது, முடிப்பது. பெல்ட் தேர்வுக்குப் படிப்பவர்கள் மூன்றாவதையே பயிற்சி செய்கிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது முதலாவதை, அதிலும் எதிராளியின் சட்டைக் கையைப் பிடித்திருக்கும், ஹிகிடே எனப்படும் இழுக்கும் கையை. செயோய்-நாகேவிலும், நீட்டிய காலுக்கு மேல் முன்பக்கமாக வீழ்த்தும் தை-ஓட்டோஷியிலும் அந்தக் கையை வெளியேயும் மேலேயும் இழுங்கள், கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பதுபோல. கீழ்நோக்கி இழுத்தால் எதிராளியின் எடை அவருடைய குதிகாலிலேயே தங்கிவிடும்.

உசிகோமி (போடாமல் உள்ளே நுழைவதை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுவது) செய்யும்போது எண்ணிக்கையைத் துரத்த வேண்டாம். ஒவ்வொரு முறையும் கூட்டாளியின் குதிகால் எழும்புகிறதா என்று மட்டும் பாருங்கள். நின்ற இடத்தில் அது சரியாக வந்ததும் நடந்துகொண்டே செய்யுங்கள். ஆட்டத்தில் யாரும் அசையாமல் நிற்கப்போவதில்லையே.

கோடோகன் அங்கீகரித்த த்ரோக்கள் 68. பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் முதல் ஆண்டில் ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டால் போதும். அதற்குத் துணையாக எதிர்த்திசையில் போகும் ஒன்றையும் சேருங்கள். காலை உள்பக்கமிருந்து வாரும் ஓ-உச்சி-காரியால் பின்னுக்குத் தள்ளினால், விழாமலிருக்க எதிராளி முன்னுக்குச் சாய்வார். அந்த நொடியில் தை-ஓட்டோஷி தானாக வரும். எனக்கு இந்த இணைதான் ராண்டோரியின் கதவைத் திறந்தது.

ராண்டோரியில் ஆளுக்கு ஏற்ப ஆடுங்கள். உங்களைவிடப் புதியவரிடம் இன்னும் பழகாத த்ரோவை முயலுங்கள், அவரையும் போட விடுங்கள். சமமானவரிடம் முழுமூச்சாக ஆடலாம். மூத்தவரிடம் தற்காத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தாமல் தாக்குங்கள். அவர் உங்களை எத்தனை முறை போட்டாலும் பொருட்டில்லை.

தரைப் பயிற்சியைப் பலர் ஒதுக்குகிறார்கள். போட்டியில் 20 விநாடி அமுக்கிப் பிடித்தால் இப்பொன், அதாவது முழு வெற்றி. கழுத்தையும் கையையும் சுற்றிப் பிடித்து அமுக்கும் கேசா-கதாமே ஒன்றே பல ஆட்டங்களை முடித்துவைக்கும். கழுத்து நெரிப்பிலோ முழங்கைப் பூட்டிலோ மாட்டினால் உடனே கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளுங்கள். அதில் வீம்புக்கு இடமே கிடையாது.

பெல்ட் தேர்வு விதிகள் ஒவ்வொரு சம்மேளனத்துக்கும் வேறுபடும். பாடத்திட்டத்தை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். ஜப்பானியப் பெயரைக் கேட்டவுடன் உடம்பு அசைய வேண்டும். அதனால் கூட்டாளியைப் பெயர் சொல்லச் சொல்லிப் பழகுங்கள், பட்டியலை வரிசையாக மனப்பாடம் செய்தால் இது வராது. கறுப்பு பெல்ட்டுக்குப் பல இடங்களில் நாகே-நோ-காதா என்ற, த்ரோக்களை முன்வகுத்த வரிசையில் செய்து காட்டும் முறையைக் கேட்பார்கள்: மூன்று மூன்றாக ஐந்து தொகுதி, மொத்தம் 15 த்ரோ, ஒவ்வொன்றும் வலம், இடம் இரண்டிலும். இடப்பக்கத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். தேர்வாளர்கள் உங்கள் நடையையும் பிடியையும் தூரத்தையும் பார்ப்பார்கள், வேகத்தை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. உகேவாக (த்ரோவை வாங்கி விழுபவராக) உங்களுடன் பழகியவரையே அழைத்துச் செல்லுங்கள். அவருடைய தேர்வுக்கு நீங்கள் விழப் போங்கள்.