பின் சீட்டும் பிரேக் ஆயிலும்

நவம்பர் 2, 2024

ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவதற்காகக் காரின் பின் சீட்டைக் கழற்றியாயிற்று. பழைய பேப்பர் கடைக்காரர் தராசை இரவல் வாங்கி நிறுத்துப் பார்த்ததில் 23 கிலோ. ஸ்டெப்னி, ஜாக்கி, தரை விரிப்பு, பின்னால் இருந்த தட்டு எல்லாம் சேர்த்தால் 50 கிலோவைத் தொட்டுவிடும். பைசா செலவில்லாமல் வண்டி இளைத்துவிட்டது. தீபாவளி முறுக்கு தின்று நான் ஏற்றியதைக் கழித்தால் நிகர லாபம் கொஞ்சம் குறையும்.

போல்ட்டுகளை ஒரு பால் கவரில் போட்டு டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 3

சீட்டை மாடிக்கு ஏற்றலாம் என்று வந்தால், அப்பா அதைத் திண்ணையில் சுவரோரம் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். எழுப்ப மனமில்லை.

நவம்பர் 5

தூக்கம் வரவில்லை. அந்தப் பெடல்.

போன மாதம் ட்ராக்கில் நாலாவது சுற்றில், நேர்பாதை முடிகிற இடத்தில் பிரேக்கில் கால் வைத்தேன். கால் போனது. போய்க்கொண்டே இருந்தது. சேற்றில் கால் வைத்தால் கூட ஒரு எதிர்ப்பு இருக்கும். இதில் அதுவும் இல்லை. அப்புறம் புல், சேறு, கண்ணாடி முழுக்கச் செம்மண். டயர் அடுக்குக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது. "கொஞ்சம் வைடாப் போயிருச்சு" என்று எல்லோரிடமும் சொன்னேன். மனைவியிடம் அது கூடச் சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னையும் சேர்த்து 1300 கிலோ என்று வைத்துக்கொண்டால், 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு இறக்க ஏறக்குறைய 800 கிலோஜூல். இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் காப்பி போட்டுவிடலாம். நாலைந்து விநாடிக்குள் அத்தனையும் நான்கு டிஸ்க்கில் இறங்குகிறது, அதிலும் பெரும்பங்கு முன்னால் இருக்கும் இரண்டில். ஒரு சுற்றில் ஒரு தடவையா என்றால் அதுவும் இல்லை.

பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். என் வண்டியில் இருந்தது மூன்று வருட ஆயில். கொதித்திருக்கிறது. கொதித்தால் ஆவி, ஆவியை அமுக்கினால் அமுங்கும். காரணம் அவ்வளவுதான். காரணம் தெரிந்த பிறகும் கால் ஏன் இப்படிக் கூசுகிறது என்றுதான் தெரியவில்லை.

நவம்பர் 6

உடுமலை போய் அவளைப் பார்த்து வந்தேன். பனிக்குட நீர் கொஞ்சம் குறைவு என்று ஸ்கேனில் எழுதியிருக்கிறார்கள். 7 புள்ளி சொச்சம். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்களாம். அடுத்த வாரம் மறுபடி பார்ப்பார்கள்.

"வண்டி எங்கீங்க மாப்ள? பஸ்ஸுலயா வந்தீங்க?" என்றார் மாமா.

சர்வீஸில் இருப்பதாகச் சொன்னேன்.

நவம்பர் 9

முன் சக்கரங்களைக் கழற்றிப் போட்டிருந்தேன். இந்த வண்டியில் நட்டு கிடையாது, போல்ட்டுதான். திரும்ப மாட்டும்போது சக்கரத்தை முழங்காலில் தாங்கிக்கொண்டு ஓட்டையைத் தேட வேண்டும். தேடிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார். முப்பத்தைந்து வருடம் கணபதியில் லேத் ஓட்டியவர். டிஸ்க்கைப் பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார்.

"நீலம் ஏறியிருக்கு. முந்நூறத் தாண்டியிருக்கும்."

எஃகைச் சூடாக்கினால் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். பதம் பார்ப்பவர்கள் நிறத்தை வைத்தே டிகிரி சொல்லிவிடுவார்கள். டிஸ்க் வார்ப்பிரும்பு, அந்தக் கணக்கு அச்சு அசலாகப் பொருந்தாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எங்க கொண்டுபோய் இப்படிச் சுட்ட?"

பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

நவம்பர் 12

பிரேக் பேடு இன்னும் வரவில்லை. ஃபியட் இந்த ஊரில் கார் விற்பதை நிறுத்தி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர்களுடைய அபார்த் புன்டோவை வைத்திருப்பது சொந்தக்காரர் எல்லோரும் ஊரைக் காலி செய்த பிறகு பூர்வீக வீட்டில் தனியாகக் குடியிருப்பது போல. உக்கடத்தில் தேடியாயிற்று. புதுப்பேட்டையில் ஒருவர், "லீனியா டீ-ஜெட் சாமான் இருக்கு, வேணுமா?" என்றார். எஞ்சினுக்குச் சரி, அதே 1.4 டர்போ, அதில் 114 குதிரை, இதில் 145. எனக்கு எஞ்சினில் எந்தக் குறையும் இல்லையே.

நவம்பர் 13

நீர் 8. கூடியிருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று இளநீர் குடிக்கிறாளாம்.

நவம்பர் 15

கார்ல் அபார்த் பிறந்தது 1908இல், இதே நவம்பர் 15இல். விருச்சிகக்காரர் என்பதால்தான் 1949இல் தொடங்கிய கம்பெனிக்குத் தேளைச் சின்னமாக வைத்தார். அது சூரியனை வைத்துப் பார்க்கும் வெள்ளைக்காரர் கணக்கு. நம் கணக்கில் சந்திரன் எங்கே நின்றதோ, மனிதருக்கு என்ன ராசியோ.

நாளை கார்த்திகை 1. நமக்கும் விருச்சிக மாதம். "தேள் படம் போட்ட வண்டியில எம் புள்ளையக் கூட்டிப் போகாதீங்க" என்று அத்தை நிச்சயதார்த்தத்தன்றே சொன்னவர். வளைகாப்பு முடிந்து அவளை அழைத்துப் போக வாடகைக் கார்தான் வந்தது.

நவம்பர் 16

மெக்கானிக் மாலை போட்டுவிட்டார். நேற்று வரை "டேய்" போட்டுப் பேசிக்கொண்டிருந்தவன் இன்று முதல் "சாமி" என்கிறேன். ஆயில் சிந்திய தரையில் வெறுங்காலோடு நடக்கிறார். காலில் ஸ்பேனர் விழுந்தபோது "சாமி சரணம்" என்றார். போன மாதம் வரை அந்த இடத்தில் வேறு வார்த்தைகள் இருந்தன.

நவம்பர் 17

ஆபீஸில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எவ்வளவு பி.எச்.பி. ஏற்றினாய்? ஒன்றும் ஏற்றவில்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். லேப்டாப்பைச் சொருகி அரை மணி நேரத்தில் முப்பது குதிரை ஏற்றித் தருகிறேன் என்று ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். ஏற்றலாம். ஏற்றினால் நேர்பாதை முடிவில் இன்னும் எட்டுப் பத்து கிலோமீட்டர் கூடும், நிறுத்த வேண்டியது மறுபடியும் நான்தான். என் பட்டியல் யாரையும் கவராது: பிரேக் ஆயில், பேடு, ஸ்டீல் பின்னல் ஹோஸ், காற்றுக் குழாய், முன் சக்கரத்துக்கு இரண்டு டிகிரி நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருப்பது. சைலன்சரில் கை வைக்கவில்லை. இந்த வண்டி ட்ராக்குக்கு ரோட்டில் போய் ரோட்டில் திரும்ப வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவைச் சொல்லி யாரும் ஓரங்கட்டச் சொல்லக்கூடாது. ட்ராக்கில் எது நடந்தாலும் இன்சூரன்ஸ் வராது, ரேஸையும் வேகச் சோதனையையும் பாலிசியிலேயே விலக்கி வைத்திருக்கிறார்கள்.

பேடு வந்துவிட்டது! முதலில் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

நவம்பர் 20

பம்பரில் ஃபாக் லேம்ப் இருந்த ஓட்டையிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதி வரை மூன்று அங்குலக் குழாய். காற்று டிஸ்க்கின் முகத்தில் அடித்தால் ஒரு பக்கம் மட்டும் குளிரும்; நடுவில் கொடுத்தால் உள்ளே இருக்கும் விசிறிக் கண்கள் தாமே இழுத்து வெளியே தள்ளும். நான் அட்டையில் வெட்டி வைத்திருந்த மாதிரியை அப்பா வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பழைய பட்டறைக்குத்தான். சாயங்காலம் இரண்டு அலுமினியத் துண்டுகளோடு வந்தார். விளிம்பை உருட்டி, பிசிறு தட்டி, கை வைத்தால் கீறாதபடி. மாட்டிப் பார்த்தால் ஒரு நூல் கூடத் தள்ளி இல்லை.

கை நடுங்குகிறது என்று இரண்டு வருடமாக லேத் பக்கமே போகாதவர். எப்படிச் செய்தார் என்று கேட்கவில்லை.

நவம்பர் 23

பிளீடிங், அதாவது பிரேக்கிலிருந்து பழைய ஆயிலையும் குமிழையும் வெளியேற்றுவது. தனியாகச் செய்ய முடியாத வேலை இது ஒன்றுதான். சாமி சபரிமலை கிளம்பிவிட்டார்; அப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். வண்டிக்கு அடியிலிருந்து நான், "அமுக்குங்க... பிடிங்க... விடுங்க." தூரச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக. பழைய ஆயில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வந்தது. டியூபில் குமிழ், குமிழ், அப்புறம் குமிழ் இல்லை. நாலாவது சக்கரம் முடிகிறபோது மேலிருந்து அப்பாவின் குரல்.

"இப்பக் கல்லு மாதிரி நிக்குது."

கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்றார்.

வண்டிக்கு அடியில் படுத்தபடியே சொன்னேன். முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 24

விடியற்காலை நாலரை மணிக்கு ஆளில்லாத ரோட்டில் பேடுகளைப் பழக்கினேன். 80லிருந்து 20 வரை அழுத்தி இறக்கி, முழுதாக நிறுத்தாமல், மறுபடி 80. நிறுத்திவிட்டால் சூடான பேடு ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். எட்டாவது தடவையில் தீய்ந்த நாற்றம். பிறகு அரை மணி நேரம் பிரேக் தொடாமல் ஆறவிட்டேன். வரும் வழியில் பேக்கரியில் டீ. ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு டீ குடிப்பவனை எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

நவம்பர் 28

7.2

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறிக்கொண்டிருக்கிறது. இங்கே தூறல்தான், ஆனாலும் நாளைய ட்ராக் நாளைத் தள்ளிவைத்துவிட்டார்கள். டிசம்பர் 8.

வருத்தப்பட வேண்டும். நிம்மதியாக இருக்கிறது. இதை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

டிசம்பர் 1

மழை. பின் சீட்டை நனையாமல் உள்ளே இழுத்துப் போட்டேன். அப்பா அதில் தூங்குகிறார்.

டிசம்பர் 4

அவள் போனில்: "ராத்திரியில வலி வந்துச்சுன்னா எந்த வண்டியில வருவீங்க?"

"நம்ம வண்டியிலதான்."

"என்னைய எங்க உக்கார வைப்பீங்க?"

மாமாவுக்கும் அத்தைக்கும் தெரியாதது இவளுக்கு எப்படித் தெரிந்தது? அப்பாவாகத்தான் இருக்கும். முன் சீட்டைச் சாய்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன். அவள் பேசாமல் இருந்தாள். ஒன்பதாம் மாதத்தில் ஒருத்தி பேசாமல் இருந்தால் அது எத்தனை டிகிரி என்று சொல்ல ஒரு நிறமும் இல்லை.

டிசம்பர் 8

செட்டிபாளையம். 6 மணிக்கே போய்விட்டேன்.

இங்கே வரும்போதெல்லாம் கரிவர்தனை நினைத்துக்கொள்வது வழக்கம். இந்த ஊர்க்காரர். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கட்டி, நாமும் ரேஸ் ஓட்டலாம் என்று ஒரு தலைமுறைக்குக் காட்டியவர். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். 2003இல் திறந்த இந்த ட்ராக்குக்கு அவர் பெயர். இருங்காட்டுக்கோட்டை ட்ராக் மூன்றே முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலமான மனசு. இது இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், மூச்சுவிட இடமே தராது. பிரேக்குக்கு இதுதான் பரீட்சை.

முதல் செஷன் டயரைச் சூடாக்கவே போயிற்று. காற்றழுத்தம் 28 வைத்து இறங்கினேன், வெளியே வரும்போது 35. இறக்கினேன்.

இரண்டாவதில் நேர்பாதை முடிவு. பெடல் அப்பா சொன்ன மாதிரி கல்லாக நின்றது. ஒவ்வொரு சுற்றும் நின்றது. எட்டு சுற்று. பிட்டுக்கு வந்ததும் வெப்பமானியை டிஸ்க்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், 290 டிகிரி. குழாய் வேலை செய்கிறது. ஆயில் அப்படியே இருக்கிறது. வண்டியில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

ஆனால் நான் முப்பது மீட்டர் முன்னாலேயே பிரேக் பிடிக்கிறேன். ஒவ்வொரு சுற்றும், அடுத்த சுற்றில் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் போர்டு கண்ணில் பட்டதுமே கால் தானாக எழுகிறது. ஒரு ஸ்விஃப்ட் என்னை உள்பக்கமாகத் தாண்டிப் போனது, கையை ஆட்டிக்கொண்டு. கோபம் கூட வரவில்லை.

மூன்றாவது செஷனில் ஒரே ஒரு தடவை போர்டு வரை விட்டுப் பார்த்தேன். அழுத்தினேன். நின்றது. வளைவில் நான் நினைத்த இடத்தில் மூக்கு திரும்பியது. ஹெல்மெட்டுக்குள் நான் கத்தியதை யாரும் கேட்டிருக்க முடியாது.

அடுத்த சுற்றில் மறுபடி முப்பது மீட்டர்.

நாலாவது செஷனுக்கு இறங்கவில்லை. டர்போ ஆறட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டேன்.

டிசம்பர் 9

டயர் வெளி ஓரம் தேயவில்லை. கேம்பர் சரி.

டிசம்பர் 11

அவளிடம் சொல்லிவிட்டேன். பெடல், புல், டயர் அடுக்கு, பத்தடி, எல்லாம்.

"அந்த ஷூவை யாரு கழுவி வெச்சதுன்னு நெனச்சீங்க?" என்றாள்.

நீர் 6 சொச்சம். வாரம் இரண்டு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

டிசம்பர் 13

கார்த்திகை தீபம். அம்மா வைப்பது போலவே வாசலில் வரிசையாக அப்பா வைத்தார். காற்றும் தூறலும், ஏற்ற ஏற்ற அணைந்தது. வண்டியை முன்னால் நகர்த்தி மறைவு கட்டிக்கொடுத்தேன். அப்புறம் நின்றது.

டிசம்பர் 14, இரவு 1.40

பின் சீட்டுக்கு நான்கு போல்ட். பால் கவரில் மூன்றுதான் இருக்கிறது. அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.