ஒரு காலுக்கு மூன்று வைத்தியம் ஏன்?

காலில் சிரைகள் புடைத்து நெளிவதை (வெரிகோஸ் வெயின்) ஊரில் 'நரம்பு சுருட்டு' என்கிறோம். சுருண்டிருப்பது நரம்பு அல்ல, சிரை; ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய். இந்த வித்தியாசம் கீழே ஓரிடத்தில் முக்கியமாகும்.

"லேசரா, நுரை ஊசியா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். பல கால்களுக்கு இரண்டுமே வேண்டும், கூடவே கிளைகளைக் கொக்கியால் எடுப்பதும். தொடையின் உட்புறம் நேராக ஓடும் பெரிய சிரையில் வால்வு பழுதானால் ரத்தம் கீழ்நோக்கி வழிகிறது. அந்த அழுத்தத்தில்தான் கெண்டைக்காலின் கிளைகள் புடைக்கின்றன. சிரையைச் சூட்டால் மூடும் லேசர் இழை நேரான குழாய்க்குள் போகும். மண்புழு மாதிரி நெளிந்த கிளைக்குள் போகாது.

எல்லாமே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தொடங்குகிறது, அதுவும் நிற்க வைத்து. கெண்டைக்காலை அழுத்திவிட்டதும் அரை விநாடிக்கு மேல் ரத்தம் பின்னோக்கி ஓடினால் வால்வு பழுது. தசைக்குள் ஓடும் ஆழ்சிரையில் அடைப்பு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். சிகிச்சை நாளன்று புடைத்த கிளைகளை மார்க்கரால் வரைவதும் நிற்கும்போதுதான். படுத்தால் அவை வற்றி மறைந்துவிடும். குறி விடுபட்ட கிளை காலிலேயே தங்கிவிடும். அவசரப்படக் கூடாத வேலை இது.

முதலில் பெரிய சிரை. இழையின் நுனி, தொடையிடுக்கில் இந்தச் சிரை ஆழ்சிரையோடு சேரும் சந்திப்பிலிருந்து 2 செ.மீ. கீழே நிற்க வேண்டும். நெருங்கினால் ரத்தக்கட்டி ஆழ்சிரைக்குள் நீளலாம். பிறகு சிரையைச் சுற்றி மரத்துப்போகும் திரவம்: அரை லிட்டர் சலைனில் 1 சதவீத லிக்னோகெயின் 50 மி.லி., சிறிது அட்ரினலின், எரிச்சல் குறைய சோடியம் பைகார்பனேட். இது வலியை மட்டும் போக்குவதில்லை. சிரையை இழையோடு ஒட்ட அமுக்குகிறது, தோலுக்கும் நரம்புக்கும் சூடு போகாமல் தடுக்கிறது. லேசருக்குப் பதில் ரேடியோ அலைக் கருவி என்றால், 7 செ.மீ. பகுதி பகுதியாக, 120 டிகிரியில் 20 விநாடி; சந்திப்பை ஒட்டிய முதல் பகுதிக்கு இரண்டு தடவை.

முழங்காலுக்குக் கீழே நிஜமான நரம்பு ஒன்று சிரையை ஒட்டியே ஓடுகிறது. அங்கே சூடு வைத்தால் கணுக்கால் உட்புறம் மாதக்கணக்கில் மரத்துப்போகலாம். அதனால் பெரும்பாலும் சூட்டை முழங்காலை ஒட்டியே நிறுத்திவிட்டு, கீழே உள்ளதைக் கொக்கிக்கும் நுரைக்கும் விடுவார்கள்.

தடித்த கிளைகளை 1 முதல் 3 மி.மீ. கீறல் வழியாகக் கொக்கியால் இழுத்து எடுப்பார்கள். தையல் வேண்டாம், பிளாஸ்திரி போதும். இவற்றை அதே நாளில் எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. விட்டுவைத்தால் உள்ளே ரத்தம் உறைந்து வலி எடுக்கலாம். சிறு கிளைகள் பெரும்பாலும் தாமாகவே சுருங்கும், சில வாரம் பொறுக்கலாம்.

நாள்பட்ட சிரைப் பழுதால் வந்த புண்ணைச் சுற்றித் தோல் இறுகிய இடத்தில் கொக்கி வேலை செய்யாது. அங்கே நுரை. இரண்டு சிரிஞ்சை மூவழி அடைப்பானில் மாட்டி, சிரையை மூடவைக்கும் பாலிடோகனால் மருந்து ஒரு பங்கு, காற்று நான்கு பங்கு, இருபது முறை முன்னும் பின்னும் தள்ளினால் வெண்ணுரை திரளும். ஓரிரு நிமிடத்தில் குமிழி பெருத்துவிடும் என்பதால் உடனே செலுத்த வேண்டும். ஒரு அமர்வுக்கு 10 மி.லி.க்கு மேல் வேண்டாம். பார்வை மங்கும் ஒற்றைத் தலைவலியோ இதயச் சுவரில் துளையோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

முடிந்ததும் அழுத்தக் காலுறை, உடனே நடை. இரண்டு வாரம் கழித்துக் கயிறு போல் கட்டியாகத் தட்டுப்பட்டால் அது தேங்கிய ரத்தம். மருத்துவர் 18 கேஜ் ஊசியால் குத்திப் பிதுக்கிவிட்டால் வலியும் குறையும், பழுப்புக் கறையும் குறையும். கால் முழுவதும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.