சின்ன மென்பவளத் தொட்டிக்குக் குறைந்த செலவில் லைட்: எதை முதலில் படிப்பது, எதை விட்டுவிடலாம்

மென்பவளம், அதாவது கல் எலும்புக்கூடு கட்டாத மெத்தென்ற பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் லைட்டில் இருந்துதான் படிக்க ஆரம்பிப்பார்கள். எந்த மாடல், எத்தனை வாட், என்ன விலை என்று தேடித் தேடி, ஒரு வாரத்தில் தலை சுற்றிப்போய் எதையோ வாங்கிவிடுவார்கள். இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தவன் என்ற முறையில் நான் சொல்வது: லைட்டைக் கடைசியில் படியுங்கள். முதலில் பவளம், அடுத்து தண்ணீர், அதற்கடுத்து அளவுகள், அப்புறம் லைட். இந்த வரிசையில் போனால் விளம்பரத்தில் இருக்கும் பாதி விஷயம் நமக்குத் தேவையே இல்லை என்று தானாகத் தெரிந்துவிடும். பணம் மிச்சமாவதும் அங்கேதான்.

பவளத்தில் படிக்க வேண்டியது அதிகம் இல்லை, ஆனால் ஆழமாகப் படிக்க வேண்டும். பவளத்தின் திசுவுக்குள் ஸூஸாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. ஒளிச்சேர்க்கை செய்வது அந்தப் பாசிதான்; அது தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. ஆக, நாம் லைட் வாங்குவது பாசிக்காக. அந்தப் பாசிக்கு ஒளி கூடக் கூட ஒளிச்சேர்க்கையும் கூடும். ஓர் அளவு தாண்டியதும் எவ்வளவு ஒளி கொடுத்தாலும் அதற்கு மேல் ஏறாது. இன்னும் கொடுத்தால் இறங்க ஆரம்பிக்கும். மிஞ்சிப்போன ஒளி செல்லுக்குள் கெடுதலான ஆக்ஸிஜன் சேர்மங்களை உண்டாக்கும். தாங்க முடியாமல் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். பவளம் வெளுத்துப்போவதற்கு இது ஒரு காரணம். ஏறி, சமமாகி, இறங்கும் இந்த ஒரு வளைகோட்டைக் காகிதத்தில் கையால் வரைந்து பாருங்கள். மீதிப் பாடம் எல்லாம் இதற்கு உரை எழுதுவது மாதிரிதான்.

எந்தப் பவளத்துக்கு எவ்வளவு என்பதற்கு ‘பார்’ என்ற அளவைச் சொல்வார்கள். 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்ற கணக்கு அது. உச்சி வெயிலில் கடல் மட்டத்தில் இது சுமார் 2000 இருக்கும். வளர்ப்பவர்கள் அனுபவத்தில் கண்ட எல்லைகள் ஏறக்குறைய இப்படி: மஷ்ரூம் வகைகளுக்கு 30 முதல் 80, ஸோவாக்களுக்கு (தண்டின் மேல் சின்னப் பூப்போலத் தலை விரிப்பவை) 60 முதல் 150, லெதர் பவளங்களுக்கு 80 முதல் 150. கிரீன் ஸ்டார் பாலிப் எதற்கும் வளைந்துகொடுக்கும். அக்ரோபோரா மாதிரியான கல்பவளத்துக்குத்தான் 200, 300 என்று கேட்கும். (மஷ்ரூமும் ஸோவாவும் உயிரியல்படி மென்பவளமே அல்ல, மென்பவளத்துக்கு ஒரு பாலிப்பில், அதாவது பவளத்தின் ஒவ்வொரு குட்டி உயிரிலும், எட்டு உணர்கொம்பு இருக்க வேண்டும். ஆனால் லைட் விஷயத்தில் எல்லாரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கலாம்.)

இந்த எண்களை ஒரு முறை பார்த்தாலே ஒன்று புரியும். நம் தொட்டிக்கு வேண்டியது வெயிலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்றைக்கு விலை குறைந்த எல்.ஈ.டி.கூட சின்னத் தொட்டியில் இந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதனால் மலிவான லைட்டில் பயப்பட வேண்டியது ஒளி போதாமல் போவதற்கு அல்ல. குறைக்க வழியில்லாமல் கூடிப்போவதற்கும், ஒரே இடத்தில் குவிந்து விழுவதற்கும்தான். என் கணக்கில், செலவு செய்ய வேண்டிய இரண்டு விஷயங்கள் டிம்மரும் ஒளிப்பரவலும். மற்றதெல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறை இல்லை.

தண்ணீர்ப் பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கடலில் சிவப்பு ஒளி முதல் சில மீட்டரிலேயே கரைந்துவிடும், நீலம்தான் ஆழத்துக்குப் போகும். நம் தொட்டியின் ஆழம் ஒரு முழம். அந்த ஆழத்தில் தண்ணீர் உறிஞ்சும் ஒளியைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். எனவே ‘ஆழமாக ஊடுருவும் நீலம்’ என்ற விளம்பரத்துக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். நீலம் வேண்டும், ஆனால் காரணம் வேறு. பாசியில் உள்ள குளோரோஃபில் ஏ சுமார் 430 நானோமீட்டர் பக்கம் நன்றாக உறிஞ்சும். அதோடு இருக்கும் பெரிடினின் என்ற நிறமி நீலத்தில் இருந்து பச்சைப் பக்கம் வரை எடுத்துக்கொள்ளும். 450 நானோமீட்டர் ராயல் ப்ளூவும் சாதாரண வெள்ளையும் கலந்த லைட் இதற்குத் தாராளமாகப் போதும். வயலெட், அல்ட்ரா வயலெட், சிவப்பு, பச்சை என்று ஏழெட்டு நிறம் வைத்த லைட்டுகள் அதிகமும் நம் கண்ணுக்காகத்தான். நீல ஒளியில் பவளம் பளபளவென்று ஒளிர்வது அதன் உடலில் உள்ள ஒளிரும் புரதங்களால். பார்க்க அழகுதான். ஆனால் ஒளிர்கிறது என்பதற்காக அது நலமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

அளவுகள் பாடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வாட் என்பது லைட் எடுத்துக்கொள்ளும் மின்சாரம், கொடுக்கும் ஒளி அல்ல. ‘ஒரு காலனுக்கு இத்தனை வாட்’ என்ற பழைய விதி டியூப் லைட் காலத்தது, எல்.ஈ.டி.க்குப் பொருந்தாது. லூமென், லக்ஸ் இரண்டும் மனிதக் கண்ணை வைத்து அளப்பவை; நம் கண் 555 நானோமீட்டர் பச்சைக்குத்தான் அதிகம் மயங்கும், நீலத்தைக் குறைத்தே மதிப்பிடும். அதனால் நல்ல பவள லைட்டுக்கு லூமென் எண் குறைவாகவே வரும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் சாயல் மட்டும்: 6500 பகல் வெள்ளை, 14000, 20000 என்று போகப் போக நீலம் கூடும். எவ்வளவு ஒளி என்று அது சொல்லாது. இன்னொன்று, ‘பார் 38’ என்று விற்கும் குண்டு பல்புக்கும் நாம் பேசும் பார் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே 38 என்பது பல்பின் அகலம், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக் கணக்கில்.

படித்தது மண்டையில் ஏறியதா என்று பார்க்க ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டி 60 செ.மீ. நீளம், தண்ணீர் 30 செ.மீ. ஆழம். விற்பனைப் பக்கத்தில் ‘30 செ.மீ. தூரத்தில் 220 பார்’ என்று போட்டிருக்கிறது. உடனே நாலு கேள்வி வர வேண்டும்: தூரம் லைட்டில் இருந்தா, தண்ணீர் மட்டத்தில் இருந்தா? காற்றில் அளந்ததா, தண்ணீரிலா? முழுச் சக்தியிலா? நடுவில் மட்டுமா, ஓரத்திலுமா? லைட்டில் இருந்து, காற்றில், முழுச் சக்தியில், நடுவில் என்று வைத்துக்கொள்வோம். லைட்டைத் தண்ணீருக்கு மேல் 20 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டால் மணல் 50 செ.மீ. தூரத்தில் இருக்கும். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறையும் என்ற விதிப்படி 30-ஐ 50-ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 0.36. அதை 220-ஆல் பெருக்கினால் சுமார் 80. தொட்டிக் கண்ணாடி ஒளியை உள்ளேயே திருப்பி விடுவதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் கூடவே வரும். பாறை உச்சி 35 செ.மீ. தூரத்தில் என்றால் அங்கே சுமார் 160. லெதருக்கே அது எல்லை தாண்டிய அளவு, மஷ்ரூமை அங்கே வைக்கவே கூடாது. இப்போது டிம்மரை 60 சதவீதத்துக்கு இறக்குங்கள்: உச்சியில் 95 பக்கம், மணலில் 50 பக்கம். மேலே லெதர், நடுவில் ஸோவா, கீழே மஷ்ரூம் என்று தொட்டியே அமைந்துவிட்டது. டிம்மர் இல்லாத லைட்டில் இதற்கு ஒரே வழி லைட்டை இன்னும் மேலே தூக்குவது. தூக்கினால் அறை முழுக்க நீல வெளிச்சம், தூங்குகிறவர்கள் திட்டுவார்கள்.

பரவலுக்கும் ஒரு கணக்கு உண்டு. லென்ஸ் 60 டிகிரி என்றால் 20 செ.மீ. கீழே அது போடும் வட்டம் சுமார் 23 செ.மீ. அகலம்தான். 90 டிகிரிக்கு 40 செ.மீ., 120 டிகிரிக்கு 70 செ.மீ. பக்கம். ஆழமான பெரிய தொட்டிக்காகச் செய்த 60 டிகிரி லென்ஸ் லைட்டைச் சின்னத் தொட்டியில் மாட்டினால் நடுவில் ஒரு வெயில் திட்டும் இரு பக்கமும் இருட்டும்தான் மிஞ்சும். அந்த வகை லைட் கையில் இருந்தால், சிலவற்றில் லென்ஸைக் கழற்றிவிடலாம், இல்லாவிட்டால் பால்நிற அக்ரிலிக் தகடு ஒன்றைக் கீழே வைக்கலாம். ஒளி கொஞ்சம் போகும், போகட்டும், நம்மிடம் மிச்சம் இருக்கிறது.

பார் மீட்டர் விலை பல லைட்டுகளின் விலையைவிட அதிகம். சொந்தமாக வாங்க வேண்டாம், இரவல் கிடைத்தால் ஒரு மாலை போதும். கிடைக்காவிட்டால் கைப்பேசி லக்ஸ் செயலியை வைத்தே ஒரு வேலை செய்யலாம். வெயிலுக்கு லக்ஸை 54-ஆல் வகுத்தால் பார் வரும் என்பார்கள், கூல் ஒயிட் டியூப்புக்கு 74. நீலம் தூக்கலான லைட்டுக்கு இந்த வகுத்தல் பொய் சொல்லும், அதை நம்ப வேண்டாம். ஆனால் ஒப்பிடப் பயன்படுத்தலாம்: தொட்டி காலியாக இருக்கும்போதே போனைத் தொட்டியின் தரையில் மல்லாக்க வைத்து நடுவிலும் நாலு மூலையிலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பதில் மூலையில் மூன்றில் ஒரு பங்கு என்று வந்தால், பார் அளவிலும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு லைட் பட்டியல் தானாகச் சுருங்கும். இரண்டு சேனல், அதாவது நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் குறைக்கும் வசதியோடு, அகன்ற லென்ஸோடு ஒரு கிளிப் லைட்டோ தொங்கும் லைட்டோ போதும். 165 வாட் என்று எழுதி வரும் கறுப்புப் பெட்டி லைட்டுகள் சக்திக்கு விலை மலிவு. ஆனால் சின்னத் தொட்டிக்கு அவை அதிகம், கால்வாசிச் சக்தியில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். விசிறிச் சத்தமும் உண்டு. டி5 என்ற மெல்லிய டியூப் லைட்டில் ஒளி மிகச் சமமாகப் பரவும், ஆனால் வருடத்துக்கு ஒரு முறையாவது டியூப் மாற்றும் செலவு இருக்கிறது. மெட்டல் ஹாலைடு விளக்கின் சூட்டை இந்த அளவுத் தொட்டி தாங்காது, யோசிக்கவே வேண்டாம். வெளிவிளக்காக விற்கும் ஃப்ளட் லைட்டில் ஒளி இருக்கும், ஆனால் பெரும்பாலானவற்றில் டிம்மர் இருக்காது. செயலியில் மேகம், இடி, மின்னல் காட்டும் வசதிக்குக் கூடுதல் பணம் கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். தினமும் ஒரே நேரத்தில் எரிந்து அணைய ஒரு பிளக் டைமர் போதும்.

ஒளி கொஞ்சம் குறைந்த லைட்டே கையில் இருக்கிறது என்றால் நேரத்தால் ஈடுகட்டலாம். 80 பார் ஒளியை 9 மணி நேரம் கொடுப்பதும் 60 பார் ஒளியை 12 மணி நேரம் கொடுப்பதும் மொத்தத்தில் ஒன்றுதான், நாளுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 2.6 மோல். ஆனால் 12 மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், கூடுதல் ஒளியைப் பவளத்துக்கு முன்னால் கண்ணாடியில் வளரும் பாசி சாப்பிட்டுவிடும். மின்சாரமும் கையைக் கடிக்காது: 50 வாட் லைட் பத்து மணி நேரம் எரிந்தால் அரை யூனிட், மாதம் 15 யூனிட்.

மலிவு பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு, மின் பாதுகாப்பு. உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்து உப்பாகப் படியும், ஈரம் பட்டால் அது மின்சாரத்தைக் கடத்தும். லைட்டைத் தாங்கும் கிளிப் உறுதியாக இருக்கிறதா, அடாப்டர் தொட்டிக்குக் கீழே இல்லாமல் தள்ளி இருக்கிறதா, வயர் பிளக்குக்குக் கீழே ஒரு முறை தொங்கி மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். தொட்டியின் இணைப்பு முழுவதும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகப் போக வேண்டும்.

லைட் வந்த பிறகுதான் செய்முறைத் தேர்வு. முதல் வாரம் நீங்கள் கணக்குப் போட்ட அளவில் பாதியில் ஓட்டுங்கள், பிறகு வாரத்துக்குப் பத்து சதவீதம் போல ஏற்றுங்கள். விடை பவளத்தின் உடம்பில் எழுதியிருக்கும். மஷ்ரூமைக் காலையில் லைட் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தட்டையாக விரிந்து ஓரம் லேசாக அலைந்தால் சரி. ஓரம் உள்ளே சுருண்டு, நிறம் வெளிறி, நாளுக்கு நாள் சின்னதானால் ஒளி அதிகம். கிண்ணம்போல மேலே நீட்டிக்கொண்டு வந்தால் குறைவு. ஸோவாவுக்குக் கழுத்தைப் பார்க்க வேண்டும்: தண்டு நீண்டு தலை லைட்டை நோக்கி எட்டினால் ஒளி போதவில்லை. பவளம் பழுப்பாக மாறினால் பெரும்பாலும் உள்ளே பாசி பெருகியிருக்கிறது என்று பொருள், ஒளி குறைவாக இருக்கலாம், தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் கூடியும் இருக்கலாம். லெதர் மட்டும் நம்மை ஏமாற்றும். சில நாள் பாலிப்பை உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே மெழுகு பூசினதுபோல் மினுமினுத்து, ஒரு படலத்தை உரித்துப் போடும். அது அதன் வழக்கம். அந்த நேரத்தில் டிம்மரில் கை வைக்காமல் நீரோட்டம் நன்றாகப் படுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஸோவாவைத் தொட்டு நகர்த்தும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு உண்டு.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். சக்தியையும் நேரத்தையும் இடத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அதே இடத்தில் இருந்து, அதே நேரத்தில், வெள்ளை சேனல் மட்டும் எரியும்போது வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள். நீல ஒளியில் எடுத்த படத்தில் வெளிறியதும் தெரியாது, பழுப்பானதும் தெரியாது. இந்த லைட்டே கொஞ்ச நாள் கழித்து டார்ச், ஹாமர் மாதிரியான பெரிய பாலிப் கல்பவளங்களுக்கும் போதும், டிம்மரைச் சற்று ஏற்றினால் ஆயிற்று. அதற்கு மட்டும் கால்சியம், ஆல்கலினிட்டி என்று தண்ணீர்ப் பக்கம் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும்.