பெரிய பாலிப் என்பதாலேயே குடலை வெட்ட வேண்டுமா?

கொலோனோஸ்கோபியில் (கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) 2 செ.மீ.க்கு மேல் பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சதை) தென்பட்டால், இன்றும் பலரை நேரே அறுவைக்கு அனுப்பிவிடுகிறார்கள். புற்று இல்லாத பாலிப்புக்கு அது பெரும்பாலும் தேவையற்றது. 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், புற்றில்லாத பாலிப்புக்காகக் குடலை வெட்டிக்கொண்டவர்களில் 14% பேருக்குப் பெரிய சிக்கல் வந்தது. 30 நாட்களுக்குள் 0.7% பேர் இறந்தார்கள். சாதாரணமாகக் கடந்துபோகக்கூடிய எண்கள் அல்ல இவை.

முடிவைத் தர வேண்டியது பாலிப்பின் மேற்பரப்பு, அளவு அல்ல. அதில் தெரியும் நுண்குழிகளும் நுண்ணிய ரத்தநாளங்களும் சீராக இருந்தால், என்டோஸ்கோப் என்ற அந்தக் கேமரா குழாய் வழியாகவே எடுக்கலாம். அவை குலைந்து, நடுவில் பள்ளமும் விழுந்திருந்தால் புற்று ஆழமாக இறங்கியிருக்கக்கூடும். அப்போது நிணநீர்க் கணுக்களையும் எடுக்க வேண்டும். அதற்கு அறுவைதான் வழி.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, "எதற்கும் இருக்கட்டும்" என்று தட்டையான பாலிப்பில் பயாப்ஸி (சோதனைக்குச் சிறு துணுக்கு) எடுப்பது. அந்த இடம் தழும்பாகி அடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அகற்றுவதற்காக அடியில் திரவம் செலுத்தினாலும் பாலிப் மேலே எழும்பாது. இடத்தைப் பிறகு கண்டுபிடிக்கப் பாலிப்பின் அடியில் அடையாள மை குத்தினாலும் இதே கதிதான். மையைச் சுமார் 3 செ.மீ. தள்ளிக் குத்துங்கள். நல்ல படம் எடுத்து, இதில் கைதேர்ந்தவரிடம் அனுப்புங்கள்.

அகற்றும்போது, இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயம் கலந்த திரவத்தை ஊசியால் அடியில் செலுத்த, பாலிப் மெத்தைபோல் உயரும். ஸ்னேர் கம்பி வளையத்தை இறுக்கி, துண்டு துண்டாக, நடுவில் தீவு எதுவும் மிஞ்சாமல் வெட்ட வேண்டும். வெட்டிய தளம் நீலமாகத் தெரிந்தால் சரி. நீலத்துக்கு நடுவே வெள்ளை வட்டம் தெரிந்தால் தசை அடுக்கும் வெட்டுப்பட்டிருக்கிறது. உடனே கிளிப் (சிறு உலோகக் கவ்வி) போட்டு மூடுங்கள்.

துண்டுகளாக எடுத்தால் ஓரத்தில் மிச்சம் நின்று மறுபடி வளரலாம். ஓர் ஆய்வில், ஸ்னேர் நுனியால் ஓரம் முழுவதையும் சுட்டபோது இப்படி மறுபடி வளர்வது 21%-லிருந்து 5% ஆகக் குறைந்தது. இந்தக் கடைசி வேலையை அவசரத்தில் விட்டுவிடவே கூடாது.

மேலோட்டமான புற்று என்று சந்தேகம் இருந்தால், குறிப்பாக மலக்குடலில், அடியைப் பிரித்து ஒரே துண்டாக எடுப்பது மேல். நேரம் அதிகம் பிடிக்கும், துளை விழும் வாய்ப்பும் கூடுதல். ஆனால் புற்று எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று நோயியல் மருத்துவரால் அளந்து சொல்ல முடியும்.

ரத்தக்கசிவு இரண்டு வாரம் வரைக்கும் தாமதித்து வரலாம், அதிலும் வலப்பக்கக் குடலில். அங்கே காயத்தை முழுதாகக் கிளிப்பால் மூடினால் ஆபத்து குறையும். ஆறு மாதத்தில் தழும்பை மறுபடி பார்க்க வேண்டும். அப்போது சிறு மிச்சம் தெரிந்தால் அதையும் பெரும்பாலும் என்டோஸ்கோப்பிலேயே எடுத்துவிடலாம்.